சமையல் சோடாவும் வினிகரும்: பொங்கியது எத்தனை மில்லிலிட்டர்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். பல வருடம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவி அடுக்கியவன் நான். ஆசிரியர் இல்லை, ஆனாலும் பிள்ளைகள் 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி, பொங்குவதைப் பார்த்துக் கைதட்டினால் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பரிசோதனை முடிந்துவிடும். எங்களுக்கு அதற்கப்புறம்தான் ஆரம்பம். பொங்கி வந்த வாயு எவ்வளவு என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் மாற்றி மாற்றிக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

எந்த வாயுவை அளக்கிறோம்?

கரிவளி, அதாவது கார்பன் டை ஆக்சைடு. சமையல் சோடாவின் முழுப்பெயர் சோடியம் பைகார்பனேட். வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் சோடியம் அசிட்டேட் என்ற உப்பு, தண்ணீர், கரிவளி மூன்றும் கிடைக்கும். முதல் இரண்டும் பாத்திரத்திலேயே தங்கிவிடும், கரிவளி வெளியே ஓடும். ஓடுவதைப் பிடிப்பதுதான் நம் வேலை.

ஒரு கிராம் சோடாவுக்குக் கணக்குப்படி எவ்வளவு வர வேண்டும்?

நம் ஊர் வெயிலில், 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், சுமார் 296 மி.லி. படிவம் நான்கு பிள்ளைகளுக்காகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மோல் என்பது டஜன் மாதிரி, துகள்களை எண்ணும் ஓர் அளவு. ஒரு மோல் சோடா 84 கிராம். ஆக ஒரு கிராம் என்பது 0.0119 மோல். ஒரு மோல் சோடாவுக்கு ஒரு மோல் கரிவளி. 30 டிகிரியில் ஒரு மோல் வாயு ஏறக்குறைய 24.9 லிட்டர் இடத்தை அடைக்கும். பெருக்கிப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மோல் தேவையில்லை. ஒரு கிராமுக்கு 300 மி.லி.க்குக் கொஞ்சம் குறைவு என்று நினைவில் இருந்தால் போதும். தேக்கரண்டி நிறையச் சோடா எடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி கிட்டத்தட்ட 5 கிராம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வாயு! 500 மி.லி. பாட்டிலைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு 'சார், பாட்டில் நிரம்பி வெளியே போகுது' என்று ஓடிவருகிறவர்கள் எல்லாரும் தேக்கரண்டிக்காரர்கள்தான்.

வீட்டில் ஒரு கிராமை எடை போடத் தராசு இல்லையே?

தராசு வேண்டாம். கடையில் 100 கிராம் பொட்டலம் ஒன்று வாங்குங்கள். மட்டமாக வழித்த தேக்கரண்டியால் அள்ளி அள்ளி ஒரு டப்பாவில் போட்டு, பொட்டலம் காலியாக எத்தனை கரண்டி ஆனது என்று எண்ணுங்கள். 21 கரண்டி என்றால் உங்கள் கரண்டி ஒன்றுக்கு 4.76 கிராம். ஒரு வீட்டுக் கரண்டி போல இன்னொரு வீட்டுக் கரண்டி இருக்காது. அதனால் எண்ணித்தான் ஆக வேண்டும், அடுத்த வீட்டு எண்ணைக் கடன் வாங்கக் கூடாது.

அடுத்தது பங்கு பிரிப்பது. பொடியைத் தாளில் கொட்டி ஐந்தாகக் கோடு கிழித்தால் பங்குக்குப் பங்கு வித்தியாசம் வரும். அதற்குப் பதிலாக ஒரு கரண்டிச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து மொத்தம் 100 மி.லி. ஆக்குங்கள். நன்றாகக் கரைந்துவிடும். 100 மி.லி. தண்ணீர் 9 கிராமுக்கு மேல் தாங்கும். பிறகு ஊசி இல்லாத மருந்து சிரிஞ்சால் 20 மி.லி. எடுத்தால் அது கரண்டியில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. பொடியைவிடத் தண்ணீரைப் பங்கிடுவது எப்போதும் சுலபம்.

வினிகர் எவ்வளவு ஊற்ற வேண்டும்?

மலாயில் 'சுக்கா' என்று எழுதியிருக்கும் பாட்டிலில் எத்தனை விழுக்காடு அமிலம் என்று பாருங்கள். 5 விழுக்காடு என்றால் ஒரு கிராம் சோடாவுக்கு 14.3 மி.லி. போதும். 4 விழுக்காடு என்றால் 18 மி.லி. நான் எப்போதும் 25 மி.லி. ஊற்றச் சொல்வேன். வினிகர் மிஞ்சினால் பரவாயில்லை. சோடா மிஞ்சினால் நீங்கள் அளந்தது சோடாவின் கணக்காக இருக்காது.

இதையே திருப்பிப் போட்டும் செய்யலாம். 2 கிராம் சோடாவில் 10 மி.லி. வினிகர் மட்டும் ஊற்றுங்கள். இப்போது சோடாதான் மிஞ்சும், வாயுவின் அளவை வினிகர் தீர்மானிக்கும். 5 விழுக்காட்டு வினிகர் 207 மி.லி. வரை தர வேண்டும், 4 விழுக்காடு 166 மி.லி. வரை. லேபிளில் போட்டிருப்பது உண்மையா என்று பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

என்னென்ன சாமான் வேண்டும்?

இரண்டு மினரல் வாட்டர் பாட்டில், மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாய் ஒரு மீட்டர், ஒரு பேசின், மருந்து சிரிஞ்ச், நிரந்தர மை பேனா, பிள்ளைகள் விளையாடும் களிமண். ஒரு பாட்டிலில் சோடாவும் வினிகரும். மூடியில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகி, சுற்றிலும் களிமண்ணால் அடையுங்கள். இன்னொரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பேசின் தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். குழாயின் மறுமுனை அதன் வாய்க்குள் போக வேண்டும். வாயு ஏற ஏறத் தண்ணீர் இறங்கும்.

பிடிக்கும் பாட்டிலில் முன்கூட்டியே கோடு போட்டுக்கொள்ளுங்கள். பாட்டிலை நேராக நிறுத்தி, சிரிஞ்சால் 50 மி.லி. தண்ணீர் ஊற்றி ஒரு கோடு, இன்னும் 50 ஊற்றி அடுத்த கோடு என்று மேலே ஏறுங்கள். அடிப்பாகம் பூப்போல வளைந்த பாட்டிலாக இருந்தாலும் கவலையில்லை. கவிழ்த்த பிறகு வாயு போய் நிற்பது அதே அடிப்பாகத்தில்தான். தண்ணீருக்குப் போட்ட கோடே வாயுவுக்கும் பொருந்தும்.

தொடங்குவதற்கு முன் சோடாப் பாட்டிலை லேசாக அமுக்குங்கள். குழாய் நுனியில் குமிழி வந்தால் சரி. வராவிட்டால் எங்கோ கசிகிறது, களிமண்ணை மறுபடி அழுத்துங்கள்.

வினிகரை ஊற்றிவிட்டு மூடி போடுவதற்குள் பாதி வாயு ஓடிவிடுகிறது. என்ன செய்வது?

எல்லாருக்கும் வருகிற தொல்லை. மூன்று வழி இருக்கிறது. சோடாவை டிஷ்யூ தாளில் மடித்துப் போட்டால் தாள் நனைந்து பிரிவதற்குள் மூடிவிடலாம், ஆனால் கை வேகம் வேண்டும். அல்லது இருமல் மருந்துக் குப்பியின் மூடி போன்ற ஒரு சின்னக் கிண்ணத்தில் வினிகரை ஊற்றிப் பாட்டிலுக்குள் நிறுத்தி, மூடிய பிறகு சாய்க்கலாம். வாய் அகன்ற போத்தலாக இருந்தால்தான் இது நடக்கும். எனக்குப் பிடித்தது மூன்றாவது. மூடியில் இன்னொரு ஓட்டை போட்டு, வினிகர் நிரப்பிய சிரிஞ்சைச் செருகி உள்ளே தள்ளுவது. ஒரு துளி வாயுவும் தப்பாது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 25 மி.லி. வினிகரை உள்ளே தள்ளினால், அது தன் இடத்துக்காக 25 மி.லி. காற்றை வெளியே தள்ளும். அது உங்கள் கணக்கில் வாயுவாகச் சேர்ந்துவிடும். கடைசியில் 25ஐக் கழித்துவிடுங்கள். போன வருடம் ஒரு பெண் பிள்ளை சோடாவே போடாமல் வெறும் தண்ணீரில் வினிகரைத் தள்ளி, 'சார், வினிகரில் மட்டுமே 25 மி.லி. வாயு இருக்கிறது' என்று எழுதிக்கொண்டு வந்தாள். முடிவு தப்பு, ஆனால் சோடா இல்லாமல் ஒரு முறை செய்து பார்க்கத் தோன்றியதே, அந்த மூளைக்கு நான் ஒரு ஐஸ் கச்சாங் (துருவிய ஐஸ் இனிப்பு) வாங்கிக் கொடுத்தேன்.

முதலில் வரும் குமிழி பாட்டிலில் இருந்த காற்றுதானே? அதைக் கழிக்க வேண்டாமா?

வேண்டாம். உள்ளே 100 மி.லி. கரிவளி பிறந்தால் 100 மி.லி. ஏதோ ஒன்று வெளியே வந்துதான் ஆக வேண்டும். அது காற்றா கரிவளியா என்பது அளவை மாற்றாது. நிறைந்த பேருந்தில் பின்னால் பத்துப் பேர் ஏறினால் முன்னால் பத்துப் பேர் இறங்குகிற மாதிரி. இறங்கியவர் வேறு, ஏறியவர் வேறு, எண்ணிக்கை மட்டும் ஒன்று.

சொல்லப்போனால் காற்று முதலில் வருவது நமக்கு நல்லது. ஏன் என்று அடுத்த பதிலில் வருகிறது.

கணக்கில் 296, எனக்கு 250தான் வந்தது. தப்பாகச் செய்துவிட்டேனா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். நீங்கள் தப்பாகச் செய்யவில்லை. 46 மி.லி. எங்கேயோ போயிருக்கிறது. எங்கே என்று தேடுங்கள்.

முதல் சந்தேகம் தண்ணீர் மேல். கரிவளி தண்ணீரில் நன்றாகக் கரையும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 700 மி.லி. கரிவளியை விழுங்கிக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் பாட்டிலும் பேசினுமாகச் சேர்ந்த தண்ணீர், நேரம் கொடுத்தால், நீங்கள் பிடித்தது முழுவதையும் விழுங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் பிடித்த வாயுவை அப்படியே விட்டுவிட்டு சாயங்காலம் வந்து பாருங்கள். தண்ணீர் மேலே ஏறியிருக்கும்.

தண்ணீரை ஏமாற்ற வழி உண்டு. முதல் முறை செய்த தண்ணீரைக் கொட்டாமல் இரண்டாம் முறைக்கும் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே கொஞ்சம் குடித்த தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும். உப்பு நிறையக் கரைத்த தண்ணீரிலும் வெதுவெதுப்பான தண்ணீரிலும் கரிவளி குறைவாகக் கரையும். எல்லாவற்றையும்விட நல்ல தந்திரம், சோடா போடும் பாட்டிலைப் பெரிதாக எடுப்பது. 1.5 லிட்டர் பாட்டிலில் 300 மி.லி. கரிவளி பிறந்தால், கரிவளி காற்றைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். மேலே இருக்கும் காற்றுதான் குழாய் வழியே வெளியே போகும். காற்று தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். தண்ணீரைத் தொடுவது காற்று, அளப்பது கரிவளியின் அளவு. சின்னப் பாட்டிலை விட்டுப் பெரிய பாட்டிலுக்கு மாறிய அன்று எங்கள் எண்கள் எல்லாம் கூடின.

ஆனால் பெரிய பாட்டிலில் ஒரு வில்லங்கம். உள்ளே 1500 மி.லி. காற்று இருக்கிறது. அது ஒரு டிகிரி சூடானாலே 5 மி.லி. விரியும். பாட்டிலைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றால் உங்கள் கைச்சூட்டையும் சேர்த்து அளப்பீர்கள். தொடாமல் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் படியுங்கள். இந்த வேதிவினை சூட்டை உறிஞ்சும். ஊற்றியவுடன் பாட்டிலின் அடியைத் தொட்டால் குளிர்ச்சி தெரியும். அந்தக் குளிர்ச்சி அடங்கவும் அதே பத்து நிமிடம் தேவை.

இரண்டாவது சந்தேகம் வினிகர் மேல். 25 மி.லி. வினிகர் தன்னுள்ளேயே சுமார் 17 மி.லி. கரிவளியை வைத்துக்கொள்ளும். குலுக்காவிட்டால் அதற்கு மேலும் வைத்துக்கொள்ளும். சோடா பானப் பாட்டிலைக் குலுக்கினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே மூடியிருக்கும்போதே, குழாய் கழன்றுவிடாமல், மெதுவாகச் சுழற்றிவிடுங்கள்.

மூன்றாவது கசிவு, நான்காவது அடியில் கட்டியாகக் கிடக்கும் கரையாத சோடா. இரண்டும் கண்ணால் பார்த்தால் தெரியும்.

எதிர்ப்பக்கம் இழுக்கிறவையும் உண்டு. தண்ணீருக்கு மேல் பிடித்த வாயுவில் நீராவியும் கலந்திருக்கும். 30 டிகிரியில் அது காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 4 விழுக்காடு. அதனால் எதுவுமே வீணாகாமல் பிடித்தால் 296க்குப் பதில் 309 காட்ட வேண்டும். கவிழ்த்த பாட்டிலுக்குள் தண்ணீர் மட்டம் பேசின் மட்டத்தைவிட 10 சென்டிமீட்டர் உயரமாக நின்றால் இன்னும் ஒரு விழுக்காடு கூடுதலாகக் காட்டும். பாட்டிலைத் தாழ்த்தி இரண்டு மட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டுப் படித்தால் இது போய்விடும். அதை மறந்தாலும் உலகம் இடிந்துவிடாது, மூன்று மி.லி. வித்தியாசம்தான். தண்ணீரில் கரைந்ததை மறந்தால்தான் வம்பு.

அண்ணன் புத்தகத்தில் ஒரு மோல் 22.4 லிட்டர். என் புத்தகத்தில் 22.7. அறையில் 24 என்கிறார்கள். நீங்கள் 24.9 என்கிறீர்கள். எது சரி?

நான்கும் சரி, ஒவ்வொன்றுக்கும் இடம் வேறு. 22.4 என்பது 0 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில். 22.7 என்பது அதே 0 டிகிரியில், 100 கிலோபாஸ்கலில். 1982இல் வேதியியலாளர்களின் உலக அமைப்பு அழுத்தத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தது, அதனால் வந்த வேறுபாடு. 24 என்பது 'அறை'. ஆனால் யாருடைய அறை? கணக்குப் போட்டால் 20 டிகிரி வருகிறது. சுங்கை சிப்புட்டில் மத்தியானம் 20 டிகிரி அறை வேண்டுமென்றால் ஏர்கோனைக் கடைசி வரை திருக வேண்டும். தேர்வில் கேள்வித்தாள் கொடுக்கும் எண்ணைப் போடுங்கள். மண்டபத்தில் சுவர் வெப்பமானி காட்டுவதைப் போடுங்கள்.

பலூனை மாட்டி அளந்தால் போதாதா? அதுதான் பார்க்க அழகு.

அழகுதான். அளவுக்கு ஆகாது. சுற்றளவை நூலால் அளந்து கணக்கிடலாம். சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதையே மூன்று முறை பெருக்கி, 59.2ஆல் வகுத்தால் மி.லி. கிடைக்கும். 30 செ.மீ. என்றால் 456. நூல் கொஞ்சம் தளர்ந்து 31 என்று படித்துவிட்டால் 503. ஒரு சென்டிமீட்டர் பிசகுக்கு 47 மி.லி.! அதுவும் பலூன் பந்துபோல உருண்டையாக இருந்தால்தான். கடையில் வருவது எல்லாம் கத்திரிக்காய் வடிவம். போதாக்குறைக்கு, ரப்பர் இறுக்கிப் பிடிப்பதால் உள்ளே வாயு சற்று நெருங்கியிருக்கும்.

மறுநாள் பலூன் சுருங்கிப்போனது ஏன் என்றும் கேட்கிறார்கள். ரப்பர் வழியாகக் கரிவளி கசியும், நைட்ரஜனைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக. 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ ரப்பர் கன்று நட்ட கோலகங்சார் நமக்குப் பக்கத்து ஊர். மூன்று தலைமுறை பால்மரம் சீவிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ரப்பர் ஓட்டை இல்லாமலே ஒழுகும் என்பது புதுச் செய்தியாக இருந்தது. எனக்கும் ஒரு காலத்தில் புதுச் செய்திதான்.

பை வேண்டுமென்றால் பலூனைவிட நல்லது நம்மிடம் இருக்கிறது. கடையில் தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் தேநீர்) கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பை. தளர்ந்த பை எதையும் இறுக்காது. உள்ளே வெளியே அழுத்தம் ஒன்றாக இருக்கும். காற்றை வழித்து எடுத்துவிட்டுப் பாட்டில் வாயில் ரப்பர் வளையத்தால் மாட்டுங்கள். வாயு வந்ததும் கழுத்தைக் கட்டி, விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த வாளியில் அமுக்கி, வழிகிற தண்ணீரைப் பிடித்து அளந்தால் முடிந்தது. அமுக்கும் விரலையும் சேர்த்து அளந்துவிடாதீர்கள்.

எடை பார்த்தால் தெரியாதா?

தெரியும். திறந்த பாத்திரத்தில் செய்யுங்கள். 10 கிராம் சோடாவையும், தனிக் கோப்பையில் 200 மி.லி. வினிகரையும் ஒன்றாகத் தராசில் வையுங்கள். எடையைக் குறித்துக்கொண்டு, வினிகரை மெதுவாக ஊற்றி, கோப்பையை மறுபடி தராசிலேயே வைத்துவிடுங்கள். கணக்குப்படி 5.2 கிராம் குறைய வேண்டும். கால் கிராம் அளவு திரவத்திலேயே தங்கும். சிதறித் தெறித்தால் எடை இன்னும் குறைந்ததாகக் காட்டி உங்களை ஏமாற்றி மகிழ்விக்கும், ஆகவே உயரமான பாத்திரம். ஒரு கிராம் சோடாவை வைத்துக்கொண்டு சமையல் தராசில் இதைச் செய்ய முடியாது. குறைவது அரைக் கிராம்தான், தராசு முழுக் கிராம்தான் காட்டும்.

இப்போது வேடிக்கை. பலூன் மாட்டி, எதுவும் வெளியேறாமல் செய்தாலும் எடை குறைகிறது! தராசு பத்தில் ஒரு கிராம் காட்டுவதாக இருந்தால் தெரியும். பலூன் அரை லிட்டர் உப்பினால் ஏறக்குறைய 0.6 கிராம் குறையும். இரண்டு பையன்கள் இதற்காகச் சண்டையே போட்டார்கள், 'ஒழுகுது', 'ஒழுகல' என்று. ஒழுகவில்லை. தண்ணீரில் நிற்கும்போது உடம்பு லேசாகத் தெரிகிறது அல்லவா, காற்றுக்குள் நிற்பதும் அப்படித்தான். பலூன் உப்பியதும் அரை லிட்டர் காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்கிறது. தள்ளப்பட்ட காற்றின் எடை சுமார் 0.58 கிராம். அந்த அளவுக்குக் காற்று பலூனைத் தூக்கிப் பிடிக்கிறது.

கேமரன் மலையில் செய்தால் வேறு எண் வருமா?

வரும். அங்குள்ள தானா ராத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து 1400 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் நம் ஊரைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. குளிர் வாயுவைச் சுருக்கும், அழுத்தக் குறைவு விரிக்கும், விரிப்பதுதான் ஜெயிக்கும். 20 டிகிரி என்று வைத்தால் அதே ஒரு கிராம் சோடா சுமார் 340 மி.லி. தர வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் அத்தை வீடு இருக்கிற ஒரு பையனிடம் பாட்டிலும் குழாயும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் அங்கே கரிவளி கூடுதலாகக் கரையும், பெரிய பாட்டிலை எடுத்துப்போ என்றும் சொல்லியிருக்கிறேன்.

பேக்கிங் பவுடர், ஈனோ (வயிற்று உப்புசத்துக்குக் குடிக்கும் பொடி), எலுமிச்சை, லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) எல்லாம் ஆகுமா?

ஆகும், ஆனால் கணக்கு மாறும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு அமிலப் பொடியும் மாவும் கலந்திருக்கும். கிராமுக்கு வாயு குறைவு. ஈனோவில் சோடாவும் சிட்ரிக் அமிலமும் ஒன்றாகவே இருப்பதால் வெறும் தண்ணீர் போதும். பழச்சாறு ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு மாதிரி, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். சோடாவை மிஞ்ச வைத்துவிட்டு 10 மி.லி. சாறு ஊற்றிப் பாருங்கள், எந்தப் பழம் புளிப்பு என்று நாக்கைக் கேட்காமலே பாட்டில் சொல்லும். முட்டை ஓடும் வினிகரில் கரிவளி தரும், ஆனால் மெதுவாக, ராத்திரி முழுக்க.

தாத்தா வீட்டில் ரப்பர்பால் உறைய ஊற்றும் 'சுக்கா கெத்தா' இருக்கிறது. அதுவும் சுக்காதானே?

தொடாதீர்கள். பெயரில் மட்டும்தான் சுக்கா. அது ஃபார்மிக் அமிலம். சோடாவில் ஊற்றினால் அதுவும் கரிவளி தரும், உண்மை. ஆனால் தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும், ஆவியை முகர்ந்தாலே தொண்டை எரியும். ரப்பர்பால் ஸ்டோரில் வேலை செய்தவர்கள் கையில் இருக்கும் தழும்பைக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, இதைப் பழைய குடிதண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பிள்ளை பரிசோதனைக்காக 'சுக்கா' தேடும் வீட்டில் அது அடுப்படிப் பக்கமே இருக்கக் கூடாது.

வேறு என்ன செய்யக் கூடாது?

கண்ணாடிப் பாட்டிலில் செய்து மூடியை இறுக்கக் கூடாது. குழாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஒரு முறை என் குழாய் நுனியைக் களிமண் அடைத்துக்கொண்டது. மூடி கழன்று மண்டபத்துக் கூரை விசிறியில் அடித்தது, நல்லவேளை பிளாஸ்டிக் பாட்டில். துணி வெளுக்கும் குளோரின் திரவத்தோடு வினிகரை எக்காரணத்துக்கும் சேர்க்காதீர்கள். வருவது கரிவளியாக இருக்காது, குளோரின் என்ற நச்சு வாயு.

ஈஸ்ட் போட்டால்?

சீனியைத் தின்று கரிவளி விடும், ஆனால் மணிக்கணக்காகும். ஒரு கிராம் சீனி முழுவதும் நொதித்தால் சுமார் 290 மி.லி., ஏறக்குறைய சோடா அளவுதான். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தேக்கரண்டி ஈஸ்ட், கொஞ்சம் சீனி, அதே குழாய் அதே பாட்டில், கால் மணிக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மலாயில் ஈஸ்டுக்கு 'ராகி' என்று பெயர். நான் ஒரு தரம் சாமான் பட்டியலை மலாயில் எழுதி அனுப்ப, ஒரு பாட்டி ஒரு கிலோ கேழ்வரகு மாவைக் கொடுத்தனுப்பிவிட்டார். குமிழி வரவில்லை. கூழ் நன்றாக வந்தது.

இன்னொரு வழி உங்கள் வீட்டிலேயே தினமும் நடக்கிறது. அரைத்த தோசை மாவை நேரான கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, மட்டத்தில் ரப்பர் வளையம் மாட்டிவிட்டுத் தூங்குங்கள். காலையில் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அது மாவு பிடித்து வைத்த வாயு. இதில் முக்கிய வேலைக்காரர் ஈஸ்ட் இல்லை, உளுந்தோடு வரும் லூக்கனாஸ்டாக் என்ற நுண்ணுயிர். தப்பித்துப் போனதை இந்த முறை காட்டாது, அதனால் இது அளவு என்பதைவிட ஒப்பீடு. மழை நாளில் ஒரு போத்தல், வெயில் நாளில் ஒரு போத்தல் என்று வைத்துப் பாருங்கள்.

தண்ணீரைக் கவிழ்த்து வாயு பிடிக்கும் யோசனை யாருடையது?

இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ் 1727இலேயே இந்த மாதிரி ஓர் அமைப்பைப் படம் போட்டுக் காட்டிவிட்டார். பின்னால் வந்த ஜோசப் பிரீஸ்ட்லி லீட்ஸ் நகரில் ஒரு மதுவடிப்பாலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். நொதிக்கும் தொட்டிகளுக்கு மேல் நிற்கும் கரிவளியில் விளையாடி, 1772இல் அதைத் தண்ணீரில் கரைத்து சோடாத் தண்ணீர் செய்யும் முறையை வெளியிட்டார். நம் தோட்டத்துக் கள்ளுக்கடையில் நுரைத்ததும் அதே வாயு. தண்ணீரில் எளிதில் கரையும் வாயுக்களை அவர் பாதரசத்தின் மேல் பிடித்தார். நமக்குப் பெரிய பாட்டிலே போதும், பாதரசம் நச்சு.

அறிவியல் விழாவுக்கு எழுதும்போது எந்த எண்ணைப் போடுவது, 296ஆ 250ஆ?

250. மூன்று முறை செய்து மூன்றையும் போடுங்கள், சராசரியையும் போடுங்கள். பக்கத்திலேயே கணக்குப்படி வர வேண்டியதையும் எழுதி, குறைந்தது எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். முடிந்தால் அதைச் சோதித்தும் பாருங்கள், உதாரணத்துக்கு உப்புத் தண்ணீரில் ஒரு தடவை. மூன்று முறையும் சரியாக 296 என்று எழுதிக்கொண்டு வந்த ஒரு குழுவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: 'தம்பி, பாட்டிலில் 50க்கு 50தானே கோடு போட்டிருக்கிறீர்கள், அந்த ஆறு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.' பையன்கள் தரையைப் பார்த்தார்கள்.

மிச்சமான தண்ணீரை என்ன செய்வது?

சிங்க்கில் ஊற்றிவிடலாம். கொஞ்சம் வினிகர், கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். பேசினை மட்டும் உடனே கழுவி அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த சனிக்கிழமையும் கேட்க வேண்டியிருக்கிறது.